உள்ளே மடித்த துணி

மருமகள் கண்ணாடிக் குழாயை ஸ்பிரிட் விளக்கின் மேல் சாய்த்துப் பிடித்திருந்தாள். குழாயில் என் பேத்தியின் சிறுநீர். சூடேறும்போது வெள்ளையாகத் திரிந்தால் புரதம் இறங்குகிறது, நோய் திரும்பிவிட்டது என்று பொருள். தெளிவாக இருந்தால் அன்றைக்குப் பிழைத்தோம்.

"பாலா தண்ணியா?" என்று கேட்டாள் பட்டாணி. பேத்தியை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம். திரிந்தால் பால், தெளிந்தால் தண்ணி, அது அவள் வைத்த பெயர்.

"தண்ணிதான்டி தங்கம்."

மழைக்காலம் முழுக்கத் தண்ணிதான். நோய் ஏறினால் கால், வயிறு, இமை எல்லாம் வீங்கும், வடிந்தால் குச்சியாகிவிடுவாள். நான் தையல்காரன். அவள் கவுன் ஒவ்வொன்றிலும் பக்கத் தையலுக்குள் துணியை மடித்து விட்டுத் தைத்திருந்தேன். வீங்கினால் பிரிக்கலாம், வடிந்தால் பிடிக்கலாம். வெளியே பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியவும் கூடாது.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். "நம்மளக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்கள்தான் பெரியவரே, என்னமோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டு சிறுநீரகத்தோட வடிகட்டியக் கெடுக்குது. எப்படிங்கறது எங்களுக்கே இன்னும் முழுசாப் பிடிபடல. சாதாரண சளி வந்தாலும் போதும், அதுங்க கிளம்பிடும். இருமறவங்க பக்கத்துல விடாதீங்க."

"வேலியே பயிர மேயுதுங்கறீங்க."

"அதேதான்."

இதை நான் வெளியே சொல்லவில்லை. சின்ன மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சிறுநீரகம், பரம்பரை என்று ஒரு வார்த்தை தெருவுக்குப் போனால் நாலு வாய் சேர்ந்து நாற்பது கதை கட்டும். தைத்த துணி பிரிந்தது என்று என் கடை வாசலில் இதுவரை ஒருவரும் வந்து நின்றதில்லை. என் வீட்டைப் பற்றியும் யாரும் வாய் திறந்ததில்லை. நோய்க்குக் கொடுக்கும் மாத்திரையால் உப்பிய முகத்தைப் பார்த்துக் கேட்டவர்களிடம், "நல்லா சாப்பிடறா" என்றேன். அது பொய்யில்லை. அந்த மாத்திரை அப்படிப் பசிக்க வைக்கும்.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டேதான் உள்ளே வந்தார். நல்ல மனுஷி, வந்ததும் பட்டாணியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"கன்னத்தப் பாரு, பன்னு மாதிரி! பிச்சுத் தின்னுடலாம் போல இருக்கே!"

மருமகள் கதவருகே நின்றாள். "பாப்பாவுக்கு வீட்டுப்பாடம் இருக்குங்க..."

"இருக்கட்டுமே. என்னப் பாத்து ஓடறதுக்கு நான் என்ன வாத்தியாரம்மாவா?" சிரித்தார். சிரிப்பு இருமலானது. குழந்தையின் உச்சந்தலை மேலேயே இருமினார்.

"மாமா..." என்றாள் மருமகள். இந்த வீட்டில் என்னை மீறி யாரும் சொல்வதில்லை. பட்டாணியும் என்னைத்தான் பார்த்தாள். இருமுகிறவர்களிடம் போகக் கூடாது என்று அவளுக்கே தெரியும்.

"இருக்கட்டும்மா," என்றேன். "பெரியவங்க மடிதானே."

முதலில் தும்மல், பிறகு மூக்கொழுகல், ஓர் இரவு காய்ச்சல். சளி விட்டபின் ஒரு காலையில் மருமகள் விளக்கை அணைத்துவிட்டுக் குழாயை என் கையில் கொடுத்தாள்.

"நீங்களே பாருங்க மாமா."

வெளிச்சத்தில் பிடித்தேன். குழாயின் மறுபக்கம் என் விரல் தெரியவில்லை.

"தாத்தா, பாலா?" என்றாள் பட்டாணி. அவள் இமைகள் ஏற்கெனவே தடித்திருந்தன. நான் பதில் சொல்வதற்குள் மருமகள் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு உடை மாற்ற உள்ளே போனாள். நேரே என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கடிந்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

கவுன் ஏறவில்லை. வயிற்றுப் பக்கம் இறுக்கியது. வாங்கி மெஷினுக்கு எடுத்துப்போய்ப் பிரிக்க உட்கார்ந்தேன். அப்போது சின்ன மகள் போனோடு ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா, அவங்க வீட்டுல சம்மதமாம்! குடும்பம்னா இப்படி இருக்கணும்னு அத்தை சொன்னாங்களாம். உங்ககிட்டப் பேசணுமாம். லைன்லயே இருக்காங்க."

போனுக்குள் யாரோ இருமும் சத்தம் கேட்டது.

"தாத்தா," என்று உள்ளிருந்து பட்டாணி கத்தினாள், "இன்னும் துணி இருக்கா உள்ள?"

கடைசி மடிப்பையும் பிரித்துவிட்டிருந்தேன். கவுனைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்தேன். பழைய தையல் போன வழியெல்லாம் ஊசித் துளைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் வழியாகவும் பொடிப்பொடியாக வெளிச்சம் ஒழுகிக்கொண்டிருந்தது.