மூவரில் இருவர்

சூப்பர்வைசர் ஜவஹர் அலி சார் சட்டைப்பையிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டே தாமரைச்செல்வியின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்டது. திரையில் அந்த வீடியோ எத்தனையாவது தடவையாகவோ ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ ஐரோப்பாவில் ஒரு ரோடு, இரண்டு பக்கமும் மஞ்சள் பூத்த வயல். நூறு சைக்கிள்காரர்கள் தோளோடு தோள் உரச வருகிறார்கள். கூட்டத்தின் நடுவில் ஒரு நெளிவு, அடுத்த மூச்சில் பத்துப் பேர் ஒருவர் மேல் ஒருவராகச் சரிகிறார்கள். யாரால் விழுந்தார்கள் என்று கண்டுபிடித்து, அந்த ஆளைச் சுற்றி ஒரு கட்டம் போட வேண்டும். இதுதான் வேலை. காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பர்னிச்சர் கடையின் மாடியில் உட்கார்ந்து நாளெல்லாம் அடுத்தவன் விழுவதைப் பார்க்கிற வேலை.

ஒவ்வொரு வீடியோவையும் மூன்று பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். இரண்டு பேர் ஒரே ஆளைச் சொன்னால் அதுதான் சரி, மூன்றாவது ஆள் சொன்னது தப்பு. தப்பு சேர்ந்தால் மார்க் குறையும், மார்க் கோட்டுக்குக் கீழே போனால் மறுநாள் காலை கம்ப்யூட்டர் திறக்காது. தாமரைச்செல்வியின் மார்க் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. மூவரும் ஒத்துப்போகாததால் இந்த வீடியோ சண்டையாகித் திரும்பி வந்திருக்கிறது. இன்றைக்குள் மூவரும் தங்கள் கட்டத்தை மாற்றலாம் அல்லது அப்படியே விடலாம். சண்டை வீடியோவில் தோற்றால் மார்க் சறுக்கி விழும்.

இந்த நாற்காலி போனால் அடுத்தது ஓசூர்தான். அவளோடு படித்த பாதிப் பேர் அங்கே செல்போன் கம்பெனி ஹாஸ்டலில் ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் கட்டில் மாற்றிப் படுத்துக் கிடக்கிறார்கள். நெடுங்காட்டிலிருந்து பஸ் ஏறி, சாயந்தரம் வீடு திரும்புகிற மாதிரி ஒரு டிகிரி வேலை இந்த ஊரில் வேறு எங்கே இருக்கிறது? வயல் வேலைக்குப் போகிற அப்பா இளையபெருமாள் டீக்கடையில் ஒருத்தரை விடாமல் சொல்லி வைத்திருக்கிறார், எம்மவ கம்ப்யூட்டர்ல ஒக்காந்து வேல பாக்குறா என்று.

"ரெண்டு பேரு ஒன்னு சொல்றாங்க, நீ மட்டும் வேற சொல்றே. ஏம்மா, ஒனக்கு மட்டும் தனிக் கண்ணா?"

"ஒரு தடவ நீங்களே பாருங்க சார்."

படம் படமாக நகர்த்திக் காட்டினாள். மற்ற இரண்டு பேரும் கட்டம் போட்டிருந்தது அந்த நூறு பேரில் ஒரே கறுப்பு ஆளான கிதானேயைச் சுற்றி. அவனோ விழுகிற வரைக்கும் கோடு போட்ட மாதிரி நேராகத்தான் வருகிறான். அவனுக்கு இடப்பக்கம் அதே டீமின் வெள்ளைக்காரத் தலைவன், ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து சட்டையின் முதுகுப் பையைத் துழாவுகிறான். தலை திரும்புகிறது, சைக்கிள் சாய்கிறது, இடுப்பு போய்க் கிதானேயின் ஹேண்டில்பாரில் இடிக்கிறது. முதலில் தரையைத் தொடுவது கிதானே. அதனால் சும்மா பார்க்கிறவனுக்கு அவன்தான் எல்லாரையும் இழுத்துப்போட்டுக்கொண்டு விழுந்த மாதிரி தெரியும்.

ஜவஹர் அலி சார் குனிந்து பார்த்தார்.

"தெரியுது. நான் என்ன குருடனா? ஆனா மாத்திடு. நான் தொழுதுட்டு வர்றதுக்குள்ள மாத்திடும்மா. வந்ததும் மேல அனுப்பிடுவேன், அப்புறம் என் கையில ஒன்னும் இல்ல."

படி இறங்கிப் போய்விட்டார். தெரியவில்லை என்று சொல்லியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

அந்த ஆள் யாரென்று தேடக்கூடாது என்பது விதி. சட்டை நம்பரையும் ரேஸ் பெயரையும் வைத்து நேற்று பஸ்ஸில் தேடிவிட்டாள். ஆப்பிரிக்காவில் எரித்திரியாக்காரன். மலை ஏறினால் பிடிக்க ஆளில்லை என்று எழுதியிருந்தார்கள். விசா வராமல் போன வருடம் இரண்டு பெரிய ரேஸுக்குப் போகவில்லை. ரேஸுக்குப் போகாததால் கூட்டத்தில் ஓட்டிப் பழக்கமில்லை என்று சொன்னார்கள். பழக்கமில்லை என்று சொல்லிச் சொல்லியே தலைவனுக்குத் தண்ணீர் பாட்டில் சுமக்கிற வேலையில் வைத்திருந்தார்கள். ஒரு பேட்டியில் அவன் சொல்லியிருந்தான், மலையில் நான் முன்னால் போனால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, சமதரையில் மட்டும் எல்லோரும் என் கையையே பார்க்கிறார்கள் என்று. இந்த வருடத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. இவர்கள் போடுகிற கட்டமெல்லாம் சேர்ந்து, எவன் எவ்வளவு ஆபத்தானவன் என்று ஒரு நம்பராகி டீம் முதலாளிகளிடம் போகும். பயிற்சியின்போது அதைப் பெருமையாகத்தான் சொன்னார்கள்.

காலேஜ் லேபில் ஒருநாள் கண்ணாடிக் குழாய் உடைந்த சத்தம் கேட்டதும் மொத்த வகுப்பும் அவள் பக்கம்தான் திரும்பியது. அவள் அந்த மேசைக்குப் பக்கத்திலேயே இல்லை.

அடுத்த நாற்காலியில் ஹஃப்ஸா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள். "ஒன் சொந்தக்காரனாடி அவன்? கலரு நல்லா ஒத்துப்போவுது" என்று காலையில் சிரித்தவள். தாமரைச்செல்வி அதை இன்னும் மன்னிக்கவில்லை. வீடியோவைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது, மேலே கேமரா இருக்கிறது. ஹஃப்ஸா டப்பாவைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நாந்தான் அது."

"எது?"

"அந்த ரெண்டு பேர்ல ஒருத்தி."

தாமரைச்செல்விக்குக் காது சுட்டது. "கண்ணத் தொறந்து பாத்தியாடி?"

"எங்க பாத்தேன். மத்த ரெண்டு பேரும் யாரப் போடுவாங்கன்னு யோசிச்சேன். கருப்பா ஒருத்தன் விழுறான். எல்லாரும் அவனத்தான் போடுவாங்க. நானும் போட்டேன்."

அவள் குரலில் வன்மம் எதுவுமில்லை. எந்த பஸ்ஸில் கூட்டம் குறைவு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். இன்னொரு ஊரில் இன்னொரு மாடியில் உட்கார்ந்திருக்கும் மூன்றாவது ஆளும் இப்படித்தான் போட்டிருப்பான். ஒருத்தரும் ரோட்டைப் பார்க்கவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக் கட்டம் போட்டிருக்கிறார்கள்.

"மாத்து" என்றாள். "நீ மாத்துனா நாம ரெண்டு பேரு."

"மாத்திட்டு நான் ஒக்காந்திருப்பேன். சார் வந்து ஒரு சத்தம் போட்டா நீ பயந்து அவங்க பக்கம் போயிடுவ. அப்ப தனியா மாட்டுறது யாரு? வாப்பா சம்மதிச்சு வேலைக்கு அனுப்புனதே பெரிய பாடு."

"நான் மாத்த மாட்டேன்."

"சார் வந்து பக்கத்துலயே நின்னாலும்?"

ஓசூர் ஹாஸ்டலில் வரிசையாகத் தொங்குகிற வாளிகளை யாரோ போட்டோ எடுத்து அனுப்பியது தாமரைச்செல்விக்கு ஞாபகம் வந்தது.

"மாத்த மாட்டேன்."

முதல் தடவை சொன்ன அளவுக்குச் சத்தமாக வரவில்லை. ஹஃப்ஸாவும் அதைக் கவனித்தாள். கவனித்துவிட்டு டப்பாவை மூடி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

பின்பக்கப் பையைத் துழாவுகிற கையை அவள் பார்த்தாள். நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்த்தாள். எல்லோரும் விழுந்தார்கள். வழக்கமாக அங்கேயே நிறுத்திக் கட்டம் போட்டுவிடுவார்கள். அவள் நிறுத்தவில்லை, படம் ஓடியது. தலைவன் எழுந்து நிற்கிறான், அவன் சைக்கிள் இரண்டாக முறிந்து கிடக்கிறது. கிதானே எழுகிறான். முழங்கையிலிருந்து ரத்தம் வழிகிறது. தன் சைக்கிளைத் தூக்கி நிமிர்த்தி, செயினை மாட்டி, தலைவனிடம் நீட்டுகிறான். தலைவன் அவன் முகத்தைப் பார்க்காமலே ஏறி உட்காருகிறான். கிதானே அவன் முதுகில் கை வைத்து, கூடவே ஓடி, தள்ளிவிடுகிறான்.

"அல்லாவே" என்றாள் ஹஃப்ஸா, மூச்சோடு மூச்சாக. அவள் கை மவுஸின் மேல் இருந்தது, அசையவில்லை. கீழே பர்னிச்சர் கடை வாசலில் பைக்குகள் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. தொழுகை முடிந்துவிட்டது. யாரோ படியேறி வந்தார்கள்.

தாமரைச்செல்வி திரும்பிப் பார்க்கவில்லை. ஹஃப்ஸாவின் திரையில் கிதானே சைக்கிள் இல்லாமல் ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தான். கூரையில் மாற்று சைக்கிள் சுமந்த டீம் கார்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. வருகிற ஒவ்வொன்றுக்கும் அவன் ரத்தம் வழிகிற கையைத் தூக்கினான்.