மூச்சு முட்டாத ஓட்டம்

ரெமிஜியஸ் அனுப்பிய கேசட்டில் முதல் சில நிமிடங்கள் சிங்கப்பூர் மழை மட்டுமே பெய்தது. பொத்தானை அமுக்கிவிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறான். பிறகு குரல் வந்தது. அப்பாவின் முதுகுவலி, அம்மாவின் மாத்திரை எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு அக்காவிடம் வந்தான்.

அருள்ஜோதிக்கு இருபத்து நான்கு வயது. தம்பி இரண்டு வயது சின்னவன். சிங்கப்பூரில் ஒரு விளையாட்டரங்கத்தைக் கூட்டிப் பெருக்குகிறான். இவள் பள்ளிக்கூடத்திலிருந்தே நெடுந்தூரம் ஓடுகிறவள். ஒரு பொதுத்துறை நிறுவனம் வருடா வருடம் தை மாதம் திருச்சியில் பத்தாயிரம் மீட்டர் ஓடவிட்டு, முதல் மூன்று பெண்களுக்கு வேலை கொடுத்தது. இரண்டு தடவை போய் ஒரு முறை எட்டாவது, ஒரு முறை ஏழாவது. இருபத்தைந்துக்கு மேல் எடுக்கமாட்டார்கள். வருகிற தைதான் கடைசி. அதுவும் போனால் குவைத்தில் வீட்டு வேலை. பாஸ்போர்ட் வந்து பீரோவில் கிடந்தது. ஏஜெண்ட் மதிவாணன் மாசியில் அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

அப்பா அந்தோணிமுத்து திருவையாற்று ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறவர். அம்மா சவரியம்மாள் நடவுக்கும் களைக்கும் போகிறவள். உடம்பு வலிக்காத வேலைக்கு அந்த வீட்டில் வேலை என்று பெயர் கிடையாது. அதனால் அருள்ஜோதி தினமும் குடமுருட்டிக் கரையில் வாந்தி வரும்வரை ஓடினாள். வாந்தி வந்த நாள் நன்றாக ஓடிய நாள்.

கேசட்டில் தம்பி சொன்னது வேறு. அங்கே ஓடுகிறவர்கள் வாரத்தில் ஒருநாள்தான் உயிரைக் கொடுத்து ஓடுகிறார்களாம். மற்ற நாளெல்லாம் கதை பேசிக்கொண்டு ஓடுகிறார்களாம். முதலில் சோம்பேறிகள் என்று நினைத்தானாம். பந்தயத்தன்று பார்த்தால் அவர்கள்தான் முன்னால் வருகிறார்கள். ஒரு சீனக்காரரிடம் அரைகுறையாகக் கேட்டதில், நெஞ்சு மெதுவாகத்தான் பெரிசாகும், அடித்துப் பெரிசாக்க முடியாது என்றாராம்.

"ஜெபமாலை சொல்லிக்கிட்டே ஓடுக்கா. வாய்விட்டுச் சொல்லணும். ஜெபம் நடுவுல அறுந்துச்சுன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். அறுபடாம வந்தா அதுதான் உன் வேகம். காலையில பாயை விட்டு எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி நாடியையும் எண்ணிப் பாரு. மாசத்துக்கு மாசம் கொறயணும்."

மறுநாளே ஆரம்பித்தாள். விடிவதற்கு முன் ஒரு பெண் கரையில் தனியாக ஓடினால் நாய்கள் துரத்தும், ஊரும் துரத்தும். துணைக்கு எதிர்வீட்டுப் பூர்ணிமா சைக்கிளில் வந்தாள். ஒத்த வயது. புருஷன் துபாயில் கம்பி கட்டுகிறான். ஆற்றில் தண்ணீர் இல்லை. வெளிறிய மணல் கூடவே வந்தது. அருள்ஜோதி ஜெபமாலையின் மணிக்கு ஒன்றாக, மாதாவுக்கான மங்கள வார்த்தை ஜெபத்தைச் சொன்னாள். கோயிலில் ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்வது வழக்கம். சின்ன வயதிலிருந்து எதிர்வீட்டு ஜெபத்தைக் கேட்டு வளர்ந்த பூர்ணிமாவுக்கு இரண்டாம் பாதி மனப்பாடம். மிதித்துக்கொண்டே அதை எடுத்துக் கொடுத்தாள். பாதி இவள், பாதி அவள் என்று ஐம்பத்து மூன்று மணியும் ஓடின. ஒரு தடவைகூட அறுபடவில்லை.

நான்கு மாதம் அப்படி ஓடினாள். நாடி அறுபத்தெட்டில் நின்றது, குறையவே இல்லை. கால் ஈரச் சாக்கு மாதிரி கனத்தது. தம்பி சொன்னது சிங்கப்பூர் உடம்புக்குத்தான் பொருந்தும் போலிருக்கிறது என்று பூர்ணிமாவிடம் சொன்னாள்.

ஆனியில் தண்ணீர் வந்தது. குறுவை நடவுக்குப் பூர்ணிமா போய்விட்டாள். இரண்டு வாரத்துக்கு ஆள் கிடைக்கமாட்டாள். வயலெல்லாம் ஆள் இருந்ததால் தனியாக ஓடப் பயமில்லை. முதல் நாள் அருள்ஜோதி ஜெபத்தைத் தொடங்கி முதல் பாதியை முடித்தாள். எடுத்துக் கொடுக்க யாருமில்லாததால் இரண்டாம் பாதியையும் அவளே சொன்னாள். மூன்றாவது மணியில் மூச்சு முட்டி ஜெபம் அறுந்தது.

நின்றாள். வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. பூர்ணிமா சொல்லும்போதெல்லாம் இவள் சும்மா மூச்சு வாங்கியிருக்கிறாள். நான்கு மாதமாக ஜெபம் அறுபடாதது வேகம் சரியாக இருந்ததால் இல்லை, பாதி ஜெபத்தை இன்னொருத்தி சொன்னதால்.

மறுபடி ஓடினாள். அறுந்தால் குறைத்தாள், மறுபடி அறுந்தால் இன்னும் குறைத்தாள். கடைசியில் இரண்டு பாதியும் அறுபடாமல் வந்த வேகத்தில், வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி அவளை முந்திக்கொண்டு போனது. தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த சிங்காரவேலு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, காலில் ஏதும் சுளுக்கா என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார்.

நடவு முடிந்து வந்த பூர்ணிமாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப நாலு மாசமா நீ ஓடுன ஓட்டத்துல பாதிக்கு நாந்தான் மூச்சு விட்டிருக்கேனா? வேலை கெடச்சா பாதி சம்பளம் எனக்குடி."

"இனிமே நீ வாயத் தொறக்கக் கூடாது. பேசாம வா."

"ஏன், உங்க மாதாவோட நான் பேசக் கூடாதாக்கும்?"

"வீட்டுக்குப் போயி பேசு. மண்டி போட்டு விடிய விடிய பேசு."

பூர்ணிமா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டினாள். பிறகு பழகிவிட்டது. அவ்வளவு மெதுவாக ஓடுகிறவளோடு போவதற்கு சைக்கிளை மிதிப்பதைவிட விழாமல் பிடித்திருப்பதுதான் பெரிய வேலை என்று வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை மட்டும் வேகமாக ஓடினாள். மற்ற நாள்களில் உலகம் மெதுவாக அவளைக் கடந்தது. நட்ட வயலில் நிற்கும் தண்ணீரில் வானம் இறங்கிக் கிடக்கும். கொக்குகள் அவளுக்காகப் பறக்கவில்லை. அந்த வேகத்தை அவை ஓட்டமாகவே எண்ணவில்லை. சில காலைகளில் எந்த மணியில் இருக்கிறோம் என்பது மறந்துபோகும். கால் எங்கோ தானாக நடவு நட்டுக்கொண்டு போவது போலிருக்கும். சொல் வரும், மூச்சு வரும், பனி வரும். தான் ஓடுகிறோமா, கரைதான் பின்னால் நகர்கிறதா என்று தெரியாது. கண்ணை மூடினால் படகில் இருப்பதுபோல் இருக்கும். வேர்வை மட்டும் உப்பாக உதட்டில் வந்து, இது கனவு இல்லை என்று சொல்லும்.

ஆவணியில் ஒரு ஜெபமாலை முடியும்போது மூன்றாவது மதகுக்கு வந்தாள். ஐப்பசியில் அதே ஜெபமாலை நான்காவது மதகைத் தாண்டியது. மார்கழியில் செங்கல் காளவாய் வரைக்கும் போனது. ஜெபம் அதேதான், மூச்சும் அதேதான், கரைதான் குறுகிக்கொண்டே வந்தது. பாயில் படுத்தபடி நாடியை எண்ணினால் ஐம்பத்திரண்டு. எண்ணிக்கை தவறியிருக்கும் என்று மூன்று தடவை எண்ணினாள்.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்ததெல்லாம் ரைஸ்மில்லில் கேட்ட கேலி. ஒருநாள் சாப்பிட்டுக் கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டுக் கேட்டார்.

"வாந்தி எடுத்து ஓடுனப்பவே ஏழாவதுதான் வந்தே. இப்ப ஆறு மாசமா கரையில உலாத்திக்கிட்டு இருக்கே. எந்த நம்பிக்கையில திருச்சிக்குப் போறே?"

நாடி குறைந்ததைச் சொன்னால் சீக்கு என்பார். தம்பி சொன்னதாகச் சொன்னால், குப்பை கூட்டுகிறவன் பேச்சைக் கேட்டா ஓடுகிறாய் என்பார். போய்த்தான் பார்க்கிறேனே என்று மட்டும் சொன்னாள். அவர், ஏஜெண்ட் மதிவாணன் கேட்ட போட்டோவை எடுத்து வைக்கச் சொன்னார். எடுத்து வைத்தாள்.

திருச்சி மைதானத்தில் பதினாறு பெண்கள். இருபத்தைந்து சுற்று. துப்பாக்கி வெடித்ததும் எல்லோரும் பாய்ந்தார்கள். ஐந்து சுற்று முடிந்தபோது அருள்ஜோதி பதினொன்றாவது. வேலிக்கு வெளியே நின்ற பூர்ணிமா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பத்தாவது சுற்றுக்கு மேல் முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வரத் தொடங்கினார்கள். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. தான் வேகத்தைக் கூட்டவில்லை. அவர்கள் பின்னால் மிதந்து வந்து, தோளருகே கொஞ்சம் தங்கி, கழன்று போனார்கள். ஒருத்தியின் மூச்சு மாவரைக்கிற மாதிரி. இன்னொருத்தி விக்கினாள். வெயில் மஞ்சளாகப் பரவிக் கிடந்தது. சத்தங்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் கேட்டன. இருபதாவது சுற்றில் ஆறாவது. இருபத்து மூன்றில் நான்காவது.

மூன்றாவதாக நீலச் சட்டை போட்ட ஒருத்தி, வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தாள். கடைசிச் சுற்றில் மணி அடித்ததும் அருள்ஜோதி அதுவரை தொடாமல் வைத்திருந்ததைத் தொட்டாள். நெஞ்சு எரிந்தது, கண் இருண்டது, தொண்டையில் இரத்தச் சுவை வந்தது. வளைவில் நீலச் சட்டையைத் தாண்டினாள். கோட்டைத் தாண்டும்போது முன்னால் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் மூச்சு அடங்கிவிட்டது. முதல் மூன்று பேரும் மருத்துவச் சோதனைக்குக் காத்திருக்கும்படி அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். வேப்பமர நிழலில் நீலச் சட்டைக்காரி இன்னும் குனிந்து இருமிக்கொண்டிருந்தாள். அருள்ஜோதி தன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் பெயர் ராசம்மாள், கந்தர்வகோட்டைப் பக்கம், கல் உடைக்கிற குடும்பம்.

"நீங்க தாண்டுனப்ப மூச்சுச் சத்தமே கேக்கல. நெழலு போற மாதிரி இருந்துச்சு" என்றாள் ராசம்மாள்.

"அடுத்த வருசம் வருவீங்கல்ல?"

"அடுத்த மாசம் இருபத்தஞ்சு முடியுது."

தண்ணீரைக் குடித்தாள். பிறகு, தப்பு எங்கே என்று தனக்கே கேட்டுக்கொள்வதுபோல் சொன்னாள். "ஒரு நாள் விடலைங்க. தெனம் உசுரு போற மாதிரிதான் ஓடுனேன்."

அருள்ஜோதிக்குத் தெரிந்ததெல்லாம் வாய்வரைக்கும் வந்தது. இனிமேல் அதைச் சொல்லி இவளுக்கு என்ன ஆகப்போகிறது. ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டாள். நாலரைக்கு என்றாள் ராசம்மாள்.

கட்டடத்துக்குள்ளிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். அருள்ஜோதி எழுந்து போனாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது, ராசம்மாள் காலைத் தட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.