படகுக்கு எலுமிச்சம்பழம் எங்கே வைப்பது

எழுபத்தெட்டு வெள்ளத்தில் யமுனை டில்லிக்குள் வந்தபோது, ஓர் இலாகாவின் மரப்படகு ஜனங்களைக் காப்பாற்றப் போய், மூழ்கிக் கிடந்த காம்பவுண்டுச் சுவரில் மோதியது. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. படகின் விசிறியைச் சுழற்றுகிற ஷாஃப்ட் வளைந்தது. என்ஜினையும் ஷாஃப்டையும் இணைக்கிற கப்ளிங் உடைந்தது. இலாகா படகை ஏலம் விட்டது. எடுத்தவர் கலியமூர்த்தி.

சிதம்பரத்துக்காரர். ராணுவத்தில் பாலம் போடுகிற பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அடக்கம், பட்டாளத்தில் அவருக்கு வழங்கப்படாத சாமான்களில் ஒன்று. யமுனைக் கரை ஓக்லாவில் படகுச் சவாரி விடப்போவதாகக் கரோல் பாக் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். மனைவி இந்திராணி ஒரே நிபந்தனைதான் போட்டிருந்தாள். ஆடிப் பதினெட்டன்று இன்ஸ்பெக்டர் முன்னால் படகு ஓடி அனுமதி கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் படகு பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரனுக்கு, கலியமூர்த்தி நகைக்கடை வாசலுக்கு. கடைக்காரர் காக்கியில் வாட்ச்மேன் சட்டையையே தைத்து அனுப்பிவிட்டார். டாங்கி போகப் பாலம் போட்ட மனிதர், இனி மூக்குத்தி வாங்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து சலாம் போட வேண்டும்.

படகைக் கரையில் செங்கல் அடுக்கி நிறுத்தி வேலை செய்தார். ஷாஃப்டைப் பட்டறையில் கொடுத்து நிமிர்த்தினார், அதைத் தாங்குகிற புஷ்ஷை மாற்றினார், கப்ளிங்கைப் புதிதாகக் கடையச் சொன்னார். கப்ளிங்கின் இரண்டு தட்டுகளும் முகத்தோடு முகம் ஒட்டி நிற்க வேண்டும். இடைவெளி பார்ப்பதற்கென்றே இருக்கிற மெல்லிய தகட்டை எந்தப் பக்கம் செருகினாலும் நுழையவில்லை. "சாமியே வந்து செருகுனாலும் போவாது" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார்.

காவிரிக்குப் போக முடியாத டில்லித் தஞ்சாவூர்க்காரர்கள் ஆடிப் பதினெட்டன்று யமுனையையே காவிரியாக வைத்துக்கொண்டு சித்திரான்னத்தோடு வருவது வழக்கம். யமுனை இதுவரை ஆட்சேபித்ததில்லை. அவ்வருஷம் படகுக்குப் பூஜையும் சேர்ந்துகொண்டது. எங்கள் சங்கத் தலைவர் சேஷன், அமைச்சகத்தில் துணைச் செயலாளர், தலைமை தாங்கினார். வண்டி என்றால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கலாம். படகுக்குச் சக்கரம் இல்லையே. கோப்பு ஒன்றை நகர்த்துகிற அதே நிதானத்துடன் ஆலோசித்த சேஷன், தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் பழத்தைக் கட்டும்படி தீர்ப்பளித்தார். கட்டினார்கள். படகைத் தள்ளித் தண்ணீரில் இறக்கினார்கள். சேஷன் ஏறி உட்கார்ந்து, காப்பி டபராவை என்ஜின் பெட்டி மேல் வைத்து, கிளம்பலாம் என்று கையசைத்தார்.

என்ஜின் பிடித்தது. படகு முழுவதும் பல் கிட்டித்ததுபோல் நடுங்கியது. காப்பி சேஷனின் ஜரிகை வேட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. கரையில் நின்ற பஞ்சாபி இன்ஸ்பெக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் அப்பவே நினைச்சேன். பழத்தை வலது பக்க எறகுலன்னா கட்டணும்" என்றார் சேஷன்.

தன் வேலையில் குற்றமில்லை என்று ஊருக்குக் காட்டுவதற்காகவே கலியமூர்த்தி கப்ளிங் போல்ட்டுகளைக் கழற்றினார். தகட்டை அடியில் செருகினார், போகவில்லை. எல்லோரையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். மேலே செருகினார். தகடு வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. அதோடு இன்னொரு தகடும் போயிற்று.

தகட்டை உருவி மறுபடி செருகிப் பார்த்தார். பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"கரையில இருந்தது வேற படகு சார், இது வேற படகு. பட்டாளத்துல எல்லாம் இரும்புப் படகு, எங்க வச்சாலும் அப்பிடியே இருக்கும். இது தண்ணியில படுத்ததும் ஒடம்ப மாத்திக்கிட்டுது."

யாரும் சிரிக்கவில்லை. அத்தனை பேர் மூச்சுப் பிடித்துத் தள்ளிய மரம் அது. நாள் முழுக்க நின்றவன் பாயில் படுத்ததும் முதுகெலும்பு இளகுமே, அப்படித் தண்ணீரின் மேல் தன்னைத் தளர்த்திக்கொண்டு கிடந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தகட்டுக்குத் தெரிந்தது. நாங்கள் ஒவ்வொருவராக வந்து அந்த இடுக்கைக் குனிந்து பார்த்தோம். சேஷன்கூட, ஈர வேட்டியைப் பிடித்துக்கொண்டு.

இன்ஸ்பெக்டரின் தட்டில் புளியோதரை விழுந்தது. அது தீருமுன் தேங்காய்ச் சாதம், பிறகு தயிர்ச் சாதம். அவர் கடிகாரத்தை மறந்தார். கலியமூர்த்தி படகை மிதக்க வைத்தபடியே மறுபடி ஆரம்பித்தார். என்ஜின் காலடியில் மெல்லிய தகரத் துண்டு ஒன்று வைப்பார், செருகிப் பார்ப்பார், எடுப்பார். இந்திராணி இறங்கி வந்து ஷாஃப்டைக் கையால் சுற்றிக் கொடுத்தாள். முதலில் இரண்டு கை வேண்டியிருந்தது. பிறகு ஒரு கை போதுமென்றானது. கடைசியில் ஒரு விரலை வைத்தவள் அதையும் எடுத்துக்கொண்டாள்.

"ஏங்க, விட்டப்புறமும் சுத்துதுங்க."

போல்ட்டுகளை முடுக்கி முடித்ததும் சேஷன் தானாகவே இன்னொரு டபராவில் விளிம்பு தொடக் காப்பி ஊற்றி என்ஜின் பெட்டி மேல் வைத்தார். என்ஜின் பிடித்தது. காப்பியின் ஓரத்தில் ஒரு மெல்லிய வளையம் ஓடி அடங்கியது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. கரை எங்களை விட்டு நகர்ந்தது. ஆடிப் புதுவெள்ளம் இரண்டு பக்கமும் பிளந்து வழிவிட்டது. எந்தச் சந்தர்ப்பத்துக்கும் நாலு வார்த்தை கைவசம் வைத்திருக்கிற சேஷன், டபராவையே பார்த்துக்கொண்டு வந்தார்.

திரும்பிக் கரை தொட்டதும் இன்ஸ்பெக்டர், "அச்சா, சலேகா" என்று அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டார். கலியமூர்த்தி கிரீஸ் கையை நீட்டியபடி, துடைக்க ஏதாவது துணி இருக்கிறதா என்று கேட்டார். இந்திராணி பையைத் துழாவி, மடிப்புக் கலையாத காக்கிச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.