செங்கதிர் சோப்புப் பங்குகள்

தினமும் வேலைக்குப் போகும் பெங்களூர் ரயிலில் என் பெயர் ஷேர் லாய்ட். வேலை ஒரு கம்பெனியில் பில் போடுவது. பேச்சு மட்டும் பெரிய முதலீட்டாளருடையது. "எல்லாரும் வாங்குற பொருள், பழைய கம்பெனி, மலிவா கெடக்குற ஷேர். வாங்கிப் போட்டுட்டுத் தூங்கு" என்று மாரிக்குப்பத்தில் ஏறியதும் ஆரம்பித்தால் கன்டோன்மென்ட் வரை ஓயமாட்டேன்.

அப்படி நான் கண்டுபிடித்ததுதான் செங்கதிர் சோப்பு. எழுபது வருடக் கம்பெனி. மொத்தப் பங்குகளின் விலை அதன் தொழிற்சாலை நிற்கும் நிலத்தின் விலைகூட இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டைக் கடையொன்றில் நின்று எண்ணினேன். சோப்பு வாங்கிய பத்துப் பேரில் ஏழு பேர் செங்கதிர் கேட்டார்கள். அதுதான் என் ஆராய்ச்சி.

என் பணத்தையெல்லாம் போட்டேன். நாங்கள் குடியிருக்கும் ஸ்கெலட்டன் சுரங்கக் குடியிருப்பில் பக்கத்து வீட்டு ஐடாக்காவின் ஒன்றரை லட்சத்தையும் என் கணக்கிலேயே போட்டேன். அவள் கணவர் ஏனோக் அண்ணன் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் பாறை துளைத்தவர். கல்தூசி நுரையீரலில் தங்கிவிட்டது. வீட்டில் ஒருநாள் ஆக்சிஜன் மிஷின் வைக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னதால் அவள் சேர்த்த பணம் அது.

ஒரு வருடத்தில் விலை பாதியானது.

"வித்துடு லாய்ட். அவருக்கு மூச்சு ரொம்ப வாங்குது."

"இப்ப வித்தா நஷ்டம்க்கா. கொஞ்சம் பொறுங்க, நல்ல கம்பெனி."

பொறுத்தாள்.

பெங்களூரில் ஆபீஸ் பக்கத்தில் ஒருநாள் செங்கதிர் கேட்டேன். அப்படியொரு சோப்பா என்றார் கடைக்காரர். எட்டுக் கடை ஏறி இறங்கினேன். எங்கும் இல்லை. அன்று மாலை ஏனோக் அண்ணனிடம் சொன்னேன். படுத்தால் மூச்சு முட்டுவதால் நாற்காலியிலேயே இருந்தார்.

"டேய், அது மைன்ல மாசத்துக்கு ரெண்டு கட்டி குடுத்த சோப்புடா. ஷிப்ட் முடிஞ்சு அதப் போட்டாத்தான் சேறு போவும். மைன் மூடியும் நம்ம ஜனம் விடல. வேற எவன் வாங்குவான்?"

இதைச் சொல்ல அவருக்கு ஏழெட்டு மூச்சு பிடித்தது. எங்கள் ஊர்க் குளியலறைகளை நான் இந்தியா என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் விற்கப் போட்டேன். கம்பெனி வங்கிக் கடனைக் கட்டவில்லை என்று அன்று காலைதான் செய்தி வந்திருந்தது. விற்க எல்லோரும் நின்றோம், வாங்க ஆளில்லை. தினமும் விலை ஐந்து சதவீதம் இறங்கும், அதோடு அன்றைய வியாபாரம் நின்றுவிடும். ஐடாக்காவுக்குக் கொடுக்க ஆபீசில் முன்பணம் கேட்கலாமென்றால், போன மாதம் வாங்கியதும் அதே சோப்பில்தான் இருந்தது.

"இன்னா ஆச்சு லாய்ட்?" தினமும் ஐடாக்கா கேட்பாள்.

"நாளைக்குக்கா."

அண்ணன் சிரிக்கப் பார்த்தார். "நான் அண்டர்கிரவுண்டு போனப்போ மேல ஏத்த கேஜ் இருந்துச்சுடா. என் துட்டு போன எடத்துல அதுவும் இல்லபோல."

ஒன்பதாம் நாள் அவர் இறந்துபோனார்.

மறுநாள் கல்லறையில் பாஸ்டர் ஜெபித்துக்கொண்டிருந்தபோது என் போன் அதிர்ந்தது. அத்தனை பங்குகளும் விற்றுப்போயின. ஐடாக்காவுக்கு நாற்பத்து நாலாயிரம்.

மூன்று நாள் கழித்துப் பணத்தோடு போனேன். மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தேன், பண உறையை மட்டும் நீட்டினேன். அவள் உறையைப் பிரித்துச் சில நோட்டுகளை உருவிக்கொண்டாள்.

"அவருக்குப் பொட்டி செஞ்சவனுக்கு இது போதும். மிச்சத்த நீயே வச்சுக்கோ லாய்ட். படிச்சவன் நீ, எதுலயாச்சும் பத்திரமா போடு."

குத்திக்காட்டுகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகத்தான் சொல்லியிருந்தாள்.