நின்றபடி ஒரு பஞ்சாயத்து

"நாற்காலி வேண்டாம்டா. எல்லாரும் தரையில இருக்க, நான் மட்டும் மேலயா? சுல்தானா நானு?" என்றார் வாப்பா.

"அப்ப தரையிலயும் உட்காரக் கூடாது," என்றேன்.

தலைநகர் ஸனாவில் அவருக்கு இடுப்பு மூட்டில் பாதியை மாற்றி வைத்தார்கள். ஊருக்கு வந்ததும் செருப்பு மாட்டக் குனிந்தார், மூட்டு கழன்றுவிட்டது. ஒருமுறை கழன்றது மறுபடி கழலும், கைகால் நடுக்க நோய் இருப்பவருக்கு இன்னும் சுலபமாகக் கழலும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். குனியக் கூடாது, காலை மடக்கக் கூடாது, தாழ்வாக உட்காரக் கூடாது. இன்னொரு ஆபரேஷனை அவர் இதயம் தாங்காது. ஒரு முழங்காலைத் தூக்கி வைத்துத் தரை மெத்தையில் சாயாமல் எங்களில் யாருக்கு மத்தியானம் கழிந்திருக்கிறது?

ஆகவே நின்றார். பெரியவர் நிற்கும்போது யார் உட்காருவது? வாய்க்கால் தண்ணீருக்காக அடித்துக்கொண்ட தர்ஹமும் காயிதும் அவர் தீர்ப்புக்குக் கட்டுப்படுவதாகத் தங்கள் கத்திகளை அவரிடம் பிணையாகக் கொடுத்துவிட்டு, பேச்சோடு மென்றுகொண்டிருக்கக் கொண்டுவந்த காத் போதை இலைக்கட்டு அக்குளில் வாட, கால் மாற்றி மாற்றி நின்றார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் கண் அவர் இடுப்பிலேயே இருந்தது.

"என்ன மாமா, தொழ எழுந்து நிக்கச் சொல்லி இகாமத் சொல்லியாச்சா? எல்லாரும் வரிசையா நிக்கிறோம்," என்றான் தர்ஹம்.

"தொழுகைன்னா நீ இந்நேரம் ஓடியிருப்ப," என்றான் காயித்.

"மேல் வயலுக்கு ராத்தண்ணி, கீழ் வயலுக்குப் பகல் தண்ணி," என்றார் வாப்பா. "சம்மதமா, இல்ல பொழுது சாஞ்சு மஃரிப் தொழுகை வரைக்கும் நிப்போமா?"

வருஷக்கணக்காக உட்கார்ந்து பேசித் தீராத வழக்கு, கால் கடுத்ததில் தீர்ந்தது. இருவரும் சம்மதித்தார்கள். ஒழிந்தது சனியன் என்று மூச்சு விட்டேன்.

அப்போது தர்ஹம் நன்றியோடு வாப்பாவின் முழங்காலை முத்தமிடக் குனிந்தான். அப்படி வருகிறவனைப் பாதியில் பிடித்துத் தூக்காதவனை எங்கள் ஊரில் மனிதனாக மதிக்கமாட்டார்கள். இது எனக்கு முன்கூட்டியே தோன்றவில்லை. நான் பாய்வதற்குள் வாப்பா குனிந்து அவன் தோள்களைப் பிடித்திருந்தார்.

டொக்கென்று ஒரு சத்தம். எனக்குக் கேட்டது.

வாப்பாவின் முகம் வெளுத்தது. ஒற்றைக் காலில், தர்ஹமை இறுகக் கட்டிக்கொண்டு நின்றார். அன்பு என்று நினைத்து அவன் அழத் தொடங்கினான். நான் ஓடிப்போய் வாப்பாவின் இடுப்பைத் தாங்கினேன்.

"கத்தாத," என்றார் என் காதில். "காயித கூப்பிடு. முதல்ல இவனுங்க ரெண்டு பேரும் கட்டிக்கட்டும். அப்புறம் வண்டி எடு."

கூப்பிட்டேன். அந்த இரண்டு பேரையும் வெட்டிப் போடலாம் போல இருந்தது.