குரலின் வேகம்

சரோஜம்மா கேட்டது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை புருஷன் காத்தவராயனுக்கு முதல் வருஷ திதி. அதற்குள் அவர் குரலைக் கேட்டுவிட வேண்டும்.

குரல் இருந்தது. காத்தவராயனைப் போல கோலார் தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கத்தில் இறங்கியவர்களின் பேச்சை டென்சில் வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்து, தொழிலாளர் சங்க அறையில் ஒரு பழைய கணினியையே சர்வராக்கி ஏற்றியிருந்தான். எல்லாம் இலவச மென்பொருள். போன மழைக்காலத்தில் மாரடைப்பு அவனைக் கொண்டுபோனது. பொறுப்பு நண்பன் கௌதம் தலையில் விழுந்தது. அவன் மென்பொருளைப் புதுப்பித்த அன்றே பழைய பதிவுகள் ஊமையாகிவிட்டன.

ஒலியை எந்த வேகத்தில் ஓட்டுவது என்ற குறிப்பு கோப்புகளில் இல்லை. டென்சில் அதை மென்பொருளுக்குள் வேறெங்கோ சொல்லி வைத்திருந்தான். புதுப்பித்ததில் அது அழிந்துபோயிற்று. கையேட்டில் அந்த இடத்தில் 'பின்னர் எழுதப்படும்' என்றிருந்தது. இணைய மன்றம் ஒன்றில் யாரோ பல வருஷம் முன்பு இதே கேள்வியைக் கேட்டிருந்தார். அடியில் அவரே, 'சரியாகிவிட்டது, நன்றி' என்று முடித்திருந்தார். எப்படி என்று ஒரு வரி இல்லை. கேட்டவர் பெயரைப் பார்த்தான். டென்சில், கேஜிஎஃப்.

டென்சில் எழுதி வைக்கிற ஆள் இல்லை. சுரங்கக் குழியான ஷாஃப்டின் வாசலில், ஏறி வந்த ஷிஃப்ட் இறங்கப் போகும் ஷிஃப்டிடம் வாயால் சொல்லிவிட்டுப் போவதைப் பார்த்து வளர்ந்தவன். வேலைக்குப் போகும் பெங்களூர் ரயிலில் தினமும் கௌதமிடம் அப்படித்தான் எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

"கேக்கறியா மச்சான்?"

"உம், சொல்லு" என்று கண்ணை மூடியபடி சொன்னவன் கௌதம்.

சனிக்கிழமை மடிக்கணினியோடு சரோஜம்மா வீட்டுக்குப் போனான். முதலில் வைத்த வேகத்தில் குரல் கீச்சென்று ஓடியது.

"இன்னாடா இது? எலி கத்தறாப்பல கீது!" என்று சிரித்துவிட்டாள்.

குறைத்தான். சுரங்க லிஃப்டைப் பற்றி ஆழமான, நிதானமான குரல் வந்தது. "கேஜ் எறங்கசொல்ல வயிறு மட்டும் மேலயே நின்னுடும்..."

சரோஜம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "இதான்டா. இதான் அவுரு."

கௌதமுக்கு ஏதோ இடித்தது. பேச்சுக்குப் பின்னால் ஒரு கடிகாரம் டிக் டிக்கென்றது. அவன் தலைக்கு மேல் சுவரில் மாட்டியிருந்த அதே கடிகாரம். இரண்டும் ஒத்துப்போகவில்லை. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினான். இரண்டு டிக்கும் ஒன்றாயின.

இப்போது காத்தவராயன் மூச்சு வாங்கினார். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நெஞ்சு விசில் அடித்தது. நடுவில் இருமல்.

விடை கிடைத்துவிட்டது. டென்சில் எழுதாமல் விட்ட வேக எண்ணை மன்றத்தில் அந்த 'நன்றி'க்குக் கீழே எழுதிப் பதிந்துவிட்டு நிமிர்ந்தான். சரோஜம்மா சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தாள்.

"பெரிம்மா, இதான் சரியான வேகம்."

"இருக்கட்டும்ப்பா. அது அவுரு இல்ல, அவுரு சீக்கு. நுரையீரல்ல சுரங்கத் தூசியோட அவுரு இழுத்தத பதினோரு வருசம் கேட்டேன், போதும். முன்ன போட்டியே, அதப் போடு."

போட்டான். காத்தவராயன் நிதானமாக, நீளமாக மூச்சுவிட்டுப் பேசத் தொடங்கினார்.

"அதுல கடியாரம் மெதுவா ஓடுதுல்ல?" என்றாள்.

"ஆமா, பெரிம்மா."

"ஓடட்டும்."