சாக்லேட் கட்டி

செங்கல்பட்டு டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு ‘சாக்லேட் கட்டி’ என்று பெயர் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. கருப்பைக்குள் இருக்கவேண்டிய திசு வெளியே வளர்ந்து, சினைப்பையில் பழைய ரத்தம் சேர்ந்து, அந்த நிறத்தில் கட்டியாகிறதாம். மாதாமாதம் விஜயகுமாரி வலியில் சுருண்டு கிடந்ததற்கும், கல்யாணமாகி இத்தனை வருஷமாகக் குழந்தை நிற்காததற்கும் அதுதான் காரணமாம். துளை போட்டு ஆபரேஷன் செய்தால் நிற்க வாய்ப்பு உண்டு, ஆனால் உறுதி சொல்லமுடியாது என்றார்.

அவள் புருஷன் ஆனந்தன் வீட்டுக்கு வந்து அந்தப் பெயரை மட்டும் தன் அம்மாவிடம் ஒப்பித்தான். மாமியார் அம்சாவுக்கு அது போதாதா?

“கம்பெனிக்குப் போறாளா, சாக்லேட்டு துன்றதுக்குப் போறாளா? துன்னு துன்னு வயித்துல கட்டிய வச்சிகினு வந்துகீறா. இதுக்கு ஆபரேஷன் வேற கேக்குதா?”

மறைமலைநகர் கம்பெனியில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் ஆளுக்கொரு சாக்லேட் கொடுப்பார்கள். அதைத் தின்றதுதான் விஜயகுமாரி செய்த குற்றம். செய்யூர்ப் பக்கத்து அந்தத் தெரு முழுக்க அவள் பெயர் சாக்லேட்காரி ஆனது. ஆபரேஷன் கிடையாது, அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆனந்தனுக்கு வேறு பெண் பார்ப்பது என்று அம்சா முடிவே கட்டிவிட்டாள். அந்த மகராசன் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றான். விஜயகுமாரிக்கு மாமியாரைவிட அவன்மேல்தான் ஆத்திரம்.

இதற்கிடையில் நாத்தனார் கீர்த்தனாவுக்கு வளைகாப்பு வந்தது. புடவை கட்டிவிட வரவேண்டிய பார்லர் பெண் வரவில்லை. ஒழுங்காக மடிப்பு வைக்கத் தெரிந்தவள் வீட்டில் சாக்லேட்காரி ஒருத்திதான். கதவைச் சாத்திக்கொண்டு கொசுவம் செருகும்போது, கீர்த்தனாவின் வயிற்றில் சின்னச் சின்னத் தழும்புகள் தெரிந்தன. தொப்புளில் ஒன்று, கீழே இரு பக்கமும் ஒவ்வொன்று. டாக்டரம்மா படம் போட்டுக் காட்டிய அதே இடங்கள்.

“இன்னா இது?”

கீர்த்தனா முதலில் அப்பெண்டிக்ஸ் என்றாள். விஜயகுமாரி பார்வையை எடுக்காமல் இருக்கவும் அழுதுவிட்டாள்.

“உங்களுக்கு கீற அதே கட்டிதான் அண்ணி. அம்மாதான் இட்டுகினு போயி ஆபரேஷன் பண்ணாங்க. அப்பறந்தான் நின்னுது. எங்க மாமியாருக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க.”

அப்படியென்றால் அம்சாவுக்கு எல்லாம் தெரியும். மகளுக்கு வந்தால் வியாதி, மருமகளுக்கு வந்தால் தின்ற கொழுப்பு. விஜயகுமாரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கூடத்தில் சம்பந்தி வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வளையல் போட்டார்கள். அவள் முறை வந்ததும் அம்சா தட்டை இழுத்துக்கொண்டாள்.

“நீ வாணாம். புள்ள பெறாத கை.”

விஜயகுமாரி குனிந்து மாமியார் காதோடு கேட்டாள். “கீர்த்தனா எந்தக் கம்பெனி சாக்லேட்டு துன்னுச்சு அத்த? சத்தமா கேக்கட்டா?”

சம்பந்தியம்மாள் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு மெதுவாகத் திரும்பி வந்தது.

நாத்தனாரின் கையில் விஜயகுமாரி வளையலை ஏற்றினாள். அந்தப் பெண்ணைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. அதை அம்சாவிடம் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

பிறகு, பந்தி பரிமாறிக்கொண்டிருந்த ஆனந்தனிடம் போனாள்.

“திங்கக்கெழம ஆபரேஷனுக்கு அட்மிஷன் போடப்போறேன். நீ வரவாணாம். அத்த கூட வருவாங்க.”

“அம்மாவா? அவங்களுக்கு அங்க இன்னா தெரியும்?”

“வழி தெரியும்,” என்றாள்.